நுண்குழலும் நரம்பிழையும்

மாணவர்களே, கால்விரலை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அதற்கான ஆணையை முதுகுத்தண்டிலிருந்து பாதத் தசைவரை கொண்டுவரும் நரம்பிழைக்கு ஆக்சான் என்று பெயர். வளர்ந்தவர்களிடம் அது ஏறத்தாழ 1 மீட்டர் நீளும்.

இவ்விழையினுள் 25 நானோமீட்டர் தடிமனில் நுண்குழல்கள் உள்ளன. புல்லாங்குழலைப்போல் இவையும் உள்ளீடற்றவையே. டியூபுலின் என்னும் புரதம் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து இவற்றை ஆக்குகிறது. ஆயினும் இவை நிலைத்து நிற்பதில்லை. வளரும்போதே திடீரெனக் கலைந்து சுருங்கும். பின்பு மீண்டும் வளரும். மிச்சிசன், கிர்ஷ்னர் என்னும் அறிஞர்கள் 1984இல் இதனை வெளியிட்டனர்.

கலைவது வீணன்று, வளரும் நுனி திசை தேடித் திரும்ப அது வேண்டும். கடந்துவந்த பகுதியோ கலைதல் கூடாது. அங்கே டௌ என்னும் புரதம் குழலின்மேல் ஒட்டி அதனைக் காக்கிறது. பெற்ற மக்களின் பெயரும் மறந்துபோகும் அல்சைமர் நோயில், இந்த டௌ குழலைவிட்டு விலகித் தனக்குள்ளே சிக்கி முடிச்சாகிறது.