திரையில் எழும் கனவு



ஒருவர் காணும் கனவை மற்றொருவர் காண இயலாது. உறங்கும் குழந்தையின் முகத்தில் மலரும் சிரிப்பைத் தாய் காண்கிறாள். அச்சிரிப்புக்குக் காரணமான காட்சியை அவளும் காண்பதில்லை. அவ்வாறிருக்க, ஒருவன் உள்ளத்தில் எழும் கனவைக் கொட்டகை நிறைந்த மக்களுக்குத் திரைப்படம் எங்ஙனம் காட்டுகிறது?

இக்கேள்வி எனக்குப் பத்து வயதில் எழுந்தது. நாமக்கல்லை அடுத்த எங்கள் சிற்றூரில் அப்போது டூரிங் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கு பார்த்த ஒரு படத்தில், தாயை இழந்த சிறுவன் உறங்கும்போது தாய் தோன்றி, அவன் தலையைக் கோதிவிட்டு மறைந்தாள். அவளுடைய சேலையின் ஊடே பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. என் தாயார் காலமானதும் அவ்வாண்டில்தான். இறந்தவரைப் படம் பிடிக்கும் வழி ஒன்று உண்டென நம்பி, மறுநாள் ஆபரேட்டரிடம் சென்று, எங்கள் அம்மாவையும் அவ்வாறு எடுக்க இயலுமா என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அறுந்த பிலிம் துண்டு ஒன்றை வெயிலில் பிடித்துக் காட்டினார். ஒரே கட்டத்தில் இரண்டு உருவங்கள் கலந்திருந்தன. ஒரு பிலிமில் இருமுறை படம் பிடிக்கிறார்கள், தம்பி. வேறொன்றும் இல்லை என்றார்.

அவர் கூறியது உண்மையே. முதலில் அறையையும் சிறுவனையும் படம் பிடிப்பர். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, கறுப்புத் திரையின் முன் தாயாக நடிப்பவரை நிறுத்தி, அதே பிலிமில் மீண்டும் பிடிப்பர். கறுப்பிலிருந்து ஒளி வராது. ஆதலின் அவர் உருவம் மட்டுமே பழைய படத்தின்மேல் படியும். 1924-இல் பஸ்டர் கீட்டன் தம் 'ஷெர்லக் ஜூனியர்' படத்தில், உறங்குபவனின் உடலிலிருந்து கனவுருவம் எழுந்து நடப்பதை இம்முறையால் காட்டினார்.

இதன் உடன்பிறப்பான கலை நம் சேலத்திலும் வளர்ந்தது. டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பாவை இரு வேடங்களில் தோன்றச் செய்தது. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தையும், பிலிமைத் திருப்பி மறுபாதியில் மற்றொரு வேடத்தையும் பிடிப்பது இரட்டை வேடத்திற்கு அந்நாளில் வழங்கிய முறையாகும்.

கனவில் காலமும் மாறுமன்றோ? நொடிக்கு 24 படங்கள் ஓடும் திரையில், நொடிக்கு 48 வீதம் எடுத்ததை ஓட்டினால், ஒரு நொடிச் செயல் இரு நொடிகளாக நீளும். நடப்பவர் மிதப்பவர்போல் தோன்றுவார். லென்ஸின்முன் மெல்லிய வலைத்துணியை இட்டால் உருவத்தின் விளிம்பு கரையும். தரையில் புகை பரப்பினால் கால் பதியும் இடம் மறையும். ராஜ் கபூரின் 'ஆவாரா' (1951) படக் கனவில் மேகமாய்ச் சூழ்ந்த புகையை இன்றும் பலர் நினைவுகூர்வர்.

ஆயினும், புகை மட்டுமே கனவாகிவிடாது. விழித்திருக்கையில் மாந்தன் மறைத்து வைத்ததைக் கனவு வெளிப்படுத்த வேண்டும். சத்யஜித் ராய் 1966-இல் எடுத்த 'நாயக்' படத்தில், புகழ்பெற்ற நடிகன் ஒருவன் பணக்குவியல்களிடையே மகிழ்ந்து நடக்கிறான். பின்னர் அப்பணத்திலேயே புதைந்து உதவிக்குக் கதறுகிறான். பகலில் பெருமிதத்துடன் உலவும் அவன் உள்ளே மறைத்து வைத்த அச்சம் அது. அங்கே உத்தி உள்ளத்திற்குப் பணி செய்கிறது. இன்று கணிப்பொறி இவ்வேலைகளை எளிதாக்கிவிட்டது. ஆனால் யாருடைய கனவு, எதற்காக வருகிறது என்னும் கேள்விக்குக் கலைஞனே விடை காண வேண்டும்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் அந்த ஆபரேட்டரை நினைக்கிறேன். அவர் என் ஆசையை நிறைவேற்றவில்லை; என்னை ஏமாற்றவுமில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே படத்தை மீண்டும் பார்த்தேன். கறுப்புத் திரையும் இருமுறைப் பதிவும் எனக்குத் தெரிந்தே இருந்தன. ஆயினும் தாயின் கை அச்சிறுவன் தலையில் படிந்தபோது, என் கண்கள் நிறைந்தன. செய்முறையை அறிந்தால் சுவை கெடும் என்பார் சொல்லை நம்பாதீர்கள்.