துண்டின்றி வாங்கும் மருந்தும் குடல்வாழ் பற்றீரியாக்களும்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்றும், அவற்றுள் மிகப் பெரும்பான்மை பெருங்குடலிலேயே தங்கியுள்ளன என்றும், அனைத்தையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் அளவே தேறும் என்றும் 2016ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகின்றது. ஆயினும் உடல்நலத்துக்கு இந்த எண்ணிக்கையிலும் முதன்மையானது பல்வகைமை, அதாவது எத்தனை வகைப் பற்றீரியாக்கள் எவ்வளவு சமநிலையோடு ஒரு குடலில் சேர்ந்து வாழ்கின்றன என்பதாகும். மனித உடலால் செரிக்க இயலாத நாரை இவற்றுட் சில நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்ற, அவற்றில் ஒன்றான பியூற்றிரேற்று பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு உணவாகின்றது. வேறு சில உயிர்ச்சத்து கே ஆக்குகின்றன. எல்லாமாகச் சேர்ந்து இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்வதால், நோய்க்கிருமிகள் உள்ளே வந்தாலும் நிலைகொள்ள முடியாமற் போகின்றன.

வெவ்வேறு பற்றீரியாக்கள் வெவ்வேறு நார்களை உண்பதால், உணவின் வகை குறையக் குடலின் வகையும் குறைகின்றது. சாவகச்சேரிச் சந்தைக்கு வரும் கீரைகளும் பலாக்கொட்டையும் குரக்கனும் ஒடியலும் இத்தேவைக்குப் போதியவை. தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மொங், கரேன் மக்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அவர்களது குடற்பல்வகைமை சில மாதங்களிலேயே மாறத் தொடங்கி, அங்கு பிறந்த பிள்ளைகளில் மேலும் குறைந்திருந்ததைக் காட்டியது. உறவினர் பலர் புலம்பெயர்ந்துள்ள, சாவகச்சேரி அமைந்த தென்மராட்சிக்கு இது அயலார் செய்தி அன்று.

உணவு மெல்ல மாற்றுவதை நுண்ணுயிர்கொல்லி மருந்து, மக்கள் வழக்கில் ‘அன்ரிபயோற்றிக்’, சில நாட்களில் மாற்றிவிடும். நோய்க்கிருமியை மட்டும் தேடிக் கொல்லும் திறன் அதற்கு இல்லை. டென்மார்க்கில் உடல்நலமுள்ள 12 ஆண்களுக்கு மூன்று வலிய நுண்ணுயிர்கொல்லிகளை நான்கு நாட்கள் கொடுத்து ஆராய்ந்தபோது, குடற் பற்றீரியாக்கள் ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பெருமளவு மீண்டன. ஆனால் பொதுவாகக் காணப்படும் ஒன்பது இனங்கள் ஆறு மாதங்களின் பின்னும் பெரும்பாலானோரில் தென்படவில்லை. வெறுமையான குடலில் குளொஸ்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்னும் பற்றீரியா பெருகிக் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கவும் கூடும். ஆகவே, மருந்து எடுக்கும்போதோ எடுத்த பின் வரும் வாரங்களிலோ வயிற்றோட்டம் தொடர்ந்தால், அம்மருந்தின் பெயரைச் சொல்லி வைத்தியரைக் காண வேண்டும்.

இதனால் நுண்ணுயிர்கொல்லியே தீயது என்று கொள்வது ஆபத்தான தவறு. 2024 டிசெம்பரில் பெருமழைக்குப் பின் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவிச் சிலர் உயிரிழந்தனர். அந்நோய்க்கு உரிய நேரத்தில் கிடைக்கும் நுண்ணுயிர்கொல்லி உயிர்காக்கும், வயலில் இறங்குவோருக்குச் சுகாதாரத் துறை வழங்கும் டொக்சிசைக்கிளினும் அத்தகையதே. தவிர்க்க வேண்டியது, வைரசால் வரும் தடிமனுக்கும் சாதாரண வயிற்றோட்டத்துக்கும் வைத்தியர் எழுதிய பழைய மருந்துத் துண்டைக் காட்டியோ துண்டே இல்லாமலோ அதை வாங்கும் வழக்கத்தையே. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் இவை வைத்தியரின் துண்டுக்கு மட்டுமே விற்கத்தக்கவை. துண்டு கேட்கும் மருந்தாளரைக் கடிந்துகொள்வோர் தமக்கான பாதுகாப்பையே கடிந்துகொள்கின்றனர். மறுபுறம், தரப்படுவது நுண்ணுயிர்கொல்லியா, அதன் பொதுப்பெயர் என்ன, எத்தனை நாட்களுக்கு என்று வைத்தியரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. அதை அவமதிப்பாகக் கருதுவதற்கு இடமில்லை.

சாதாரண வயிற்றோட்டத்துக்கு முதல் மருந்து ஜீவனி போன்ற உப்புச்சீனிக் கரைசல். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்துபோதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்குச் செல்வதில் தாமதம் கூடாது; அவசர நோயாளர் ஊர்தியை 1990இல் அழைக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையில் கழிவுநீர் வெடிப்புகளின் வழியே கிணற்றை எளிதில் அடைவதால், வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்குக் குளோரின் இடுமாறு பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்பதும், கொதித்தாறிய நீரைக் குடிப்பதும் மருந்துத் தேவையையே குறைக்கும்.

‘நல்ல பற்றீரியா’ என்று விற்கப்படும் புரோபயோற்றிக் வில்லைகளை இழந்த பற்றீரியாக்களுக்கு ஈடாகக் கருதுவதும் சரியன்று. நுண்ணுயிர்கொல்லிக்குப் பின் அவற்றை எடுத்தோரின் சொந்தப் பற்றீரியாக்கள் மீளுவது தாமதமானதை 2018இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

குழந்தையிலோ நிலை வேறு. தாய்ப்பாலிலுள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை முதன்மையாகப் பிபிடோபற்றீரியா என்னும் வகைக்கு உணவாகின்றன. எனவே, மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள பணிபுரியும் தாய்க்கு வேலைநாளில் இரு பாலூட்டல் இடைவேளைகளை அளிப்பது இவ்விடயத்தோடும் தொடர்புடையது. அது மறுக்கப்பட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

துண்டின்றி மருந்து விற்கப்படுவதைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் உணவு, மருந்துப் பரிசோதகருக்கு எழுத்தில் அறிவிக்கலாம். போலி விளம்பரத்தையும் கூடிய விலையையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் தெரிவிக்கலாம். அவ்வதிகாரசபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வணிகரின் கடமை. மருந்தின் பெயரும் திகதியும் கொண்ட அச்சீட்டு முறைப்பாட்டுக்குச் சான்றாகும்.