மொட்டையில் முளைக்கும் முடி, வழுக்கையில் ஏன் முளைப்பதில்லை?

திருமலை கல்யாணக்கட்டாவில் முடி காணிக்கை கொடுத்துவிட்டு இறங்குபவர் தலையில், மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் முடி வளர்ந்துவிடும். வழுக்கையில் மட்டும் ஏன் வளர்வதில்லை?

சவரக்கத்தி தோலுக்கு மேலிருக்கும் முடியைத்தான் எடுக்கிறது. உள்ளே வேர்ப்பை அப்படியே இருக்கிறது. பரம்பரை வழுக்கையில் பாதிக்கப்படுவதே அந்த வேர்ப்பைதான். டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனால் அது படிப்படியாகச் சுருங்குகிறது. முடி பூனைமயிராக மெலிகிறது.

இப்படி முடி மெலிவதற்குச் சிகிச்சையாகத் திருப்பதி, சித்தூர் போன்ற ஊர்களிலும் இன்று பேசப்படும் பி.ஆர்.பி. ஊசி எப்படி வேலை செய்கிறது? நம் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுகிறார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்க, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா (பி.ஆர்.பி.) தனியே பிரிகிறது. அதைத் தலைத்தோலில் ஊசியாகப் போடுகிறார்கள். காயத்தை ஆற்ற உதவும் வளர்ச்சிக் காரணிகள் தட்டணுக்களில் உண்டு. அவை சுருங்கிவரும் வேர்ப்பைகளைத் தூண்டும் என்பதே இதன் அடிப்படை. பெரும்பாலும் மாதம் ஒன்றாக 3 ஊசிகள்; பிறகு பராமரிப்பு ஊசிகள்.

பல ஆய்வுகளில் முடியின் அடர்த்தி ஓரளவு கூடியிருக்கிறது. ஆனால் தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் பலனும் மாறுகிறது. ஹார்மோனின் தாக்கத்தை இது நிறுத்துவதில்லை. முழு வழுக்கையான இடத்தில் பலனை எதிர்பார்க்க முடியாது. முடி மெலியத் தொடங்கும்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள். மினாக்ஸிடில் போன்ற மருந்துகளைப் பற்றியும் கேளுங்கள்.