பேட்டி இரண்டாவது மடலில்தான் இருக்கிறது

முதலில் டீயைக் குடி தம்பி, ஆறிவிடப்போகிறது. மின்னஞ்சல் பேட்டிக்கு இருபது கேள்வி தயார் செய்திருக்கிறாய். உழைப்பு தெரிகிறது. ஆனால் இருபதையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால், பேட்டி தருபவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதிக் கடமையை முடித்துவிடுவார். நான்கைந்து போதும். ஒரே கேள்விக்குள் மூன்றைத் திணிக்காதே. சுலபமானதற்குப் பதில் வரும், நீ கேட்க நினைத்தது விட்டுப்போகும்.

எழுத்தில் எடுக்கும் பேட்டி மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோவில் வாழ்ந்த நாவலாசிரியர் நபகோவ், கேள்விகளை எழுத்தில் வாங்கி, எழுதியே பதில் கொடுத்தார். அந்தப் பேட்டிகள் 1973இல் புத்தகமாகவும் வந்தன. இத்தாலியின் எலெனா ஃபெரான்டே 1992இல் முதல் நாவல் வெளிவந்ததிலிருந்து பொதுவெளியில் முகம் காட்டியதே இல்லை. பதிப்பகம் வழியாகப் பெரும்பாலும் எழுத்தில்தான் பதில். ஓர் இதழின் ஆசிரியர்கள் இருவர் அனுப்பிய கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில் ஒரு நீண்ட கட்டுரையாகவே வளர்ந்தது. 2003இல் வந்த 'ஃபிரான்டுமாலியா' தொகுப்பில் அது இருக்கிறது. மைக்கை நீட்டியிருந்தால் அந்தப் பதில் கிடைத்திருக்காது. யோசிக்க அவகாசம் கொடுத்ததால் கிடைத்தது.

நேரில் என்றால் எதிரில் இருப்பவர் தயங்கும்போதே 'ஏன்?' என்று கேட்டுவிடலாம். மின்னஞ்சலில் அந்த 'ஏன்?'தான் உன் இரண்டாவது மடல். நம்மில் பலர் அதை எழுதுவதே இல்லை, எனக்கு அதில்தான் வருத்தம். பதில் வந்ததும் உன் கேள்வி வரிசையை மறந்துவிட்டு நிதானமாகப் படி. எந்த இடத்தை அவசரமாகத் தாண்டியிருக்கிறார்? எங்கே ஆளும் ஊரும் இல்லாமல் பொதுவாகச் சொல்லியிருக்கிறார்? அங்கே பிடித்துக் கேள். மறுபடி கேட்பேன் என்பதையும், கடைசித் தேதியையும், இடத்துக்கேற்பச் சுருக்குவோம் என்பதையும் முதல் மடலிலேயே சொல்லிவிடு. சுருக்கும்போது பொருள் மாறக் கூடாது. மாறுமோ என்று தோன்றினால் அவரிடமே காட்டு.

பெரிய பதவியில் இருப்பவர் என்றால் உதவியாளர் எழுதிய பதிலாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் போனில் ஐந்து நிமிடம் பேசி உறுதி செய்துகொள்.

அச்சில் 'மின்னஞ்சல் வழிப் பேட்டி' என்று போட மறக்காதே. பார்க்காத சிரிப்பை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது வாசகருக்குச் சொல்லும் பொய்.