கடலடியில் ஒரு கப்பல்

மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்வோர் ஆண்டாள் திருக்கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கி வியப்பர். அதன் உயரம் 192 அடி. இலங்கையின் கீழ்க்கரையில், மட்டக்களப்புக்கு அப்பால், கடலில் ஓரிடம் உண்டு. அவ்விடத்தில் இக்கோபுரத்தை நிறுத்தினால், உச்சியில் ஏறத்தாழ 20 அடி மட்டுமே நீருக்கு மேல் தோன்றும். அத்துணை ஆழத்தில் ‘ஹெர்மிஸ்’ என்னும் போர்க்கப்பல் கிடக்கிறது.

விமானந்தாங்கிக் கப்பலாகவே தொடக்கம் முதல் வடிவமைக்கப்பட்ட முதற்கப்பல் ஹெர்மிஸ். பிரிட்டிஷ் கடற்படைக்கு உரிய அதன் நீளம் 600 அடி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வரும் என்பது தெரிந்தமையால் ஹெர்மிஸ் முந்திய இரவே துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்தது. ஆயினும் பகைவர் அதனைக் கண்டுகொண்டனர். விமானங்களைத் தாங்குவதற்கென்றே பிறந்த அக்கப்பலுக்குத் துணையாக அதன் விமானங்கள் அன்று உடன் இல்லை. குண்டுகள் மழைபோல் விழுந்தன. சிறிது நேரத்திற்குள் கப்பல் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். உடன் சென்ற ‘வாம்பயர்’ என்னும் ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கிற்று. ‘வீட்டா’ என்னும் மருத்துவக் கப்பல், நீரில் தத்தளித்த ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது.

இன்று அக்கப்பலைக் காண நீர்மூழ்குவோர் அங்கே இறங்குகின்றனர். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் மூச்சை அடக்கி மூழ்கினர். அவர்களுக்கு ஒரு மூச்சே எல்லை. 1943-இல் பிரெஞ்சு நாட்டினரான கூஸ்டோவும் காஞ்ஞானும் அமைத்த கருவி அவ்வெல்லையை அகற்றியது. உருளையில் அடைத்த காற்றை முதுகில் சுமந்து, நீருக்குள்ளேயே மூச்சுவிட வழி பிறந்தது.

எனினும் ஆழம் தன் விதிகளை விட்டுக்கொடுப்பதில்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் காற்றுமண்டலத்தின் அழுத்தத்தளவு அழுத்தம் கூடுகிறது. ஹெர்மிஸ் கிடக்கும் 53 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நிலத்தில் உள்ளதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் ஆகிறது. மேலே ஒரு மணி நேரம் போதுமான காற்று, அங்கே பத்து நிமிடத்திற்கும் போதாது. காற்றிலுள்ள நைட்ரஜன் அறிவை மயக்கும்; குடித்தவர்போல் மனிதர் தடுமாறுவர். ஆதலால் தேர்ந்தோர் நைட்ரஜனைக் குறைத்து, ஹீலியம் கலந்த வாயுவைக் கொண்டு செல்கின்றனர்.

எல்லாவற்றினும் பெரிய இடர் மேலேறும்போதே நேர்கிறது. அழுத்தத்தால் வாயு உடலில் கரைகிறது. சோடாப் புட்டியைத் திடீரெனத் திறந்தால் நுரை பொங்குவதைக் காண்கிறோம். அதுபோலவே, விரைந்து மேலேறுவோர் உடலில் கரைந்த வாயு குமிழிகளாக வெளிப்படும். அவை மூட்டுகளில் கடும் வலியை உண்டாக்கும், முதுகுத்தண்டைத் தாக்கி முடமாக்கும், உயிரையும் போக்கும். இவ்விடரைத் தவிர்க்க, இடையிடையே நின்று படிப்படியாக ஏறவேண்டும் என்பதை ஹால்டேன் என்னும் அறிஞர் 1908-இல் விளக்கினார். எனவே கீழே இருபது நிமிடம் தங்கியவர், ஏறுவதற்கு அதனினும் மிகுதியான நேரத்தைச் செலவிடுகிறார். நடுக்கடலில் ஒரு கயிற்றைப் பற்றிக்கொண்டு அவர் அசையாது காத்திருக்கிறார். கதிரவன் ஒளி தலைக்கு மேலே தெரியும்; கை நீட்டினால் எட்டும்போல் தோன்றும்; ஆயினும் காலம் கனியுமுன் அதனை நாடலாகாது. இன்னும் சிறிது நேரம் பார்ப்போம் என்னும் ஆசையும், விரைந்து கரையேறுவோம் என்னும் அவசரமும் அங்கே ஒருசேரப் பகைகளாகும்.

பகைவரை அழிக்கக் கட்டிய அவ்விரும்புடல், இன்று பவளங்களுக்கும் மீன்களுக்கும் இல்லமாகியுள்ளது. ஆயினும் அது ஒரு காட்சிப்பொருள் மட்டுமன்று. வீடு திரும்பாதவர்களின் கல்லறையும் ஆகும். அதனால் பண்புடையோர் அங்கிருந்து ஓர் ஆணியையும் எடுப்பதில்லை. கண்டு, நினைந்து, வணங்கி, பொறுமையோடு மீள்வதே அங்கே செல்வோர்க்கு அழகு.