தன்னார்வ அமைப்புகளும் இணையவழி நூல் பாதுகாப்பும்

பெருநிதியற்ற தன்னார்வ அமைப்புகள் இணையத்தால் பெறும் பயனை இரு தமிழ் முயற்சிகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தை முனைவர் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைத்தார். ஒரு நாட்டிலுள்ளவர் நூலைத் தட்டச்சு செய்ய, வேறொரு நாட்டிலுள்ளவர் மெய்ப்புப் பார்த்தார். நிதிக்கு ஈடாக இங்கு உழைப்பே திரட்டப்பட்டது. திஸ்கி முதலிய முற்காலக் குறியேற்றங்களில் இருந்த கோப்புகள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டமையால், தனி எழுத்துரு நிறுவாமலேயே அவற்றைப் படிக்க இயன்றது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அரிய நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களோடு இதழ்களையும் சிறப்பு மலர்களையும் மின்வருடி இலவசமாக வழங்குகிறது. படிகள் பல இடங்களில் இருப்பின், ஓரிடத்து அழிவு முழு அழிவாவதில்லை.

இம்முறை எடப்பாடி போன்ற நெசவூர்களுக்கும் பொருந்தும். கூட்டுறவுச் சங்க மலர், கோயில் விழா அழைப்பிதழ், பள்ளி ஆண்டுமலர் ஆகியவற்றை விழா முடிந்தபின் பேணுவோர் சிலரே. உள்ளூர் அமைப்பொன்று உரியோர் இசைவுடன் அவற்றை மின்வருடி, ஊரும் ஆண்டும் குறித்து இணைய ஆவணகத்தில் சேர்ப்பின், வட்டார வரலாற்றாய்வுக்குரிய மூலங்கள் நிலைபெறும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. தொடர்ந்து உழைக்கும் சிலர் போதும்.