ஈ.சி.ஜி. கோடும் கணிப்பொறி இதயமும்

மாரடைப்பை உண்டாக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நெஞ்சுவலி தொடங்கிய 12 மணி நேரத்திற்குள் செலுத்திவிட வேண்டும் என்ற கெடு இருக்கையில், ‘ஈ.சி.ஜி. நார்மல் என்றார்களே, பிறகு மாரடைப்பு எங்கிருந்து வந்தது?’ என்று சங்ககிரி வாசகர்கள், லாரி ஓட்டுநர் குடும்பத்தினரும் உட்பட, எழுதிக் கேட்கிறார்கள். இதற்கான விடையை, இதயத்தையே கணக்காக மாற்றி ஆராயும் விஞ்ஞானிகளின் பிரயத்தனத்தில் தேடலாம்.

1960-இல் உடலியல் விஞ்ஞானி டெனிஸ் நோபிள் லண்டனில் ஒற்றை இதய உயிரணுவின் மின்துடிப்பைக் கணிப்பொறியில் வருவித்தார். இன்றோ, ஒருவருடைய எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து இதயத்தை அமைத்து, வேண்டிய இடத்தைச் சேதப்படுத்தி, மார்புத் தோலில் என்ன கோடு எழும் என்று பார்க்கிறார்கள். ‘டிஜிட்டல் இரட்டை’ என்று விளம்பரம் செய்யப்படும் இது, அசல் பிரதி அன்று; அனுமானங்களின் மேல் நிற்கும் கணக்கு.

அக்கணக்கு தெளிவாக்கும் ஒரு விஷயம் என்னை வெகுவாகக் கவர்ந்தது. ரத்தம் நின்றுபோன தசையில், உயிரணுவுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கசிந்து சேர, ஓய்வில் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் நிற்கவேண்டிய மின்னழுத்தம் மைனஸ் 60-ஐ நோக்கி நழுவுகிறது; அதனால், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே மின்னமைதி நிலவவேண்டிய நேரத்திலும், சேதமுற்ற தசைக்கும் நல்ல தசைக்கும் நடுவே மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க, கோட்டின் ஆதார மட்டமே தாழ்ந்துபோகிறது. ஈ.சி.ஜி. பெட்டியோ, மாறாத மின்னழுத்தத்தை வடிகட்டி நீக்கிவிட்டு, தாழ்ந்த அந்த மட்டத்தையே பூஜ்யமாகக் கொள்வதால், துடிப்பின்போது அவ்வோட்டம் அடங்கிக் கோடு இயல்பு நிலைக்குத் திரும்புவது, கோட்டில் அந்நேரத்தைக் குறிக்கும் எஸ்.டி. பகுதி மேலெழுந்ததாக நமக்குத் தோற்றமளிக்கிறது. கட்டம் போட்ட தாளில் மருத்துவர் அளக்கும் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில், ஒரு பகுதி பள்ளத்தின் அளவே! தாளில் பள்ளத்தையும் உண்மையான எழுச்சியையும் பிரிக்க வழியில்லை. கணிப்பொறி இதயத்தில் பிரித்துப் பார்க்கலாம்.

கோட்டிலிருந்து சேதத்தைக் கண்டறியும் எதிர்த்திசைக் கணக்குதான் சிரமமானது. வெவ்வேறு மின்மூலங்கள் மேற்பரப்பில் ஒரே மின்னழுத்தத்தை உண்டாக்கக்கூடும் என்று 1853-லேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிரூபித்துவிட்டார். மேலும், வழக்கமான ஈ.சி.ஜி.யில் மார்பின் மேல் ஆறு மின்முனைகள் ஒட்டப்படுகின்றனவே அன்றி முதுகில் ஒன்றுகூட இல்லை. இதயத்தின் பின்சுவரில் நேரும் அடைப்பு, முன்புறத்தில் எஸ்.டி. தாழ்வாக மட்டுமே தென்பட்டு, சந்தேகிக்காதவர் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

இனி, வாசகர்களுக்கு எழக்கூடிய மற்றக் கேள்விகள். ஈ.சி.ஜி. பெட்டி தாளின் மேலே அச்சிடும் ‘நார்மல்’ போன்ற வாசகத்தை நம்பலாமா? கணிப்பொறி இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; மருத்துவர் பார்த்தே தீரவேண்டும்.

தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்குத் தரப்படும் மாத்திரைகள் போதுமா? அவை முதல் வேளை மருந்தே. இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை, சேலத்திலோ ஈரோட்டிலோ உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே புறப்பட வேண்டும்.

பழைய ஈ.சி.ஜி. தாள்? பத்திரப்படுத்துங்கள், ஒப்பிட உதவும்.

முதல் ஈ.சி.ஜி. நார்மல், வலி தொடர்கிறது என்றால்? 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.